ஆறு கடை முட்டைகளும் என் சித்தப்பாவும்

வாள் பிடித்த ராஜாக்கள், பீரங்கி வைத்திருந்த தளபதிகள் எல்லோரையும் ஒரு வரிசையில் நிறுத்துங்கள். அதற்கு எதிரே ஒரு முக்காலி போட்டு என் சித்தப்பாவை உட்கார வையுங்கள். இவர் உடைத்த அளவுக்கு அவர்களில் ஒருவனும் உடைத்திருக்க மாட்டான். கோட்டைகளைச் சொல்லவில்லை, முட்டைகளைச் சொல்கிறேன். கோழிகளுக்குப் பேச வந்திருந்தால், இவர் வருகிறார் என்று சொல்லித்தான் குஞ்சுகளைத் தூங்க வைத்திருக்கும்.

சித்தப்பாவுக்கு பேக்கரியில் வேலை. மாவு கலக்குகிறவர் வேறு, அடுப்பு பார்க்கிறவர் வேறு, கேக்கின் மேல் பூப்போட்டுப் பெருமை வாங்குகிறவர் வேறு. இவர் முட்டை உடைக்கிறவர். இருட்டோடு இருட்டாகப் போய், பின்பக்கத்து ஈரத் தரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அட்டை அட்டையாக உடைத்து வாளிகளை நிரப்புவார். பொழுது சாயத் தொடங்கும்போது வீடு திரும்புவார். செருப்பைக் கழற்றியதும் சுவரில் சாய்வார். காபி ஆறுவதற்குள் தூங்கியிருப்பார். தூக்கத்திலும் வலது கை முட்டை பிடித்த மாதிரியே குவிந்திருக்கும். எந்த சோப்புக்கும் போகாத ஒரு வாடை அவரோடு குடித்தனம் நடத்தியது.

அவருக்கு ஒரு பழக்கம். எந்த முட்டையையும் நேராக வாளியில் ஊற்ற மாட்டார். முதலில் ஒரு எவர்சில்வர் கப்பில் உடைப்பார், பார்ப்பார், மோந்து பார்ப்பார், அப்புறம்தான் வாளி. ஒரு கெட்ட முட்டை விழுந்தால் வாளி மொத்தமும் சாக்கடைக்கு. மற்றவர்கள் ஒரு கைக்கு ஒன்றாக உடைத்து நேரே ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் மட்டும் கப்போடு உட்கார்ந்திருப்பார். வீட்டில் ஒரே ஒரு ஆம்லெட் என்றாலும் கப்புதான். "என்னையும் கப்புல ஊத்திப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டாரு" என்பாள் சித்தி.

நானும் அப்பாவும் மாடியில். சித்தப்பா, சித்தி, அவர்கள் மகள் குட்டி கீழே. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பேசி வைத்துப் பிரிந்துவிட்டோம். இப்போது சைக்கிள் கடையில் இருக்கிறேன். குட்டி இரண்டாம் வகுப்பு. வினை அவள் புத்தகத்திலிருந்துதான் வந்தது. ஒரு பக்கத்தில் முட்டை, அடுத்து விரிசல் விட்ட முட்டை, அடுத்து மஞ்சள் குஞ்சு. அதை வெகு நேரம் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"அப்பா, நீங்க ஒரு நாளைக்கு எத்தன முட்டை உடைப்பீங்க?"

சித்தப்பாவிடம் அவர் வேலையைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாருக்கும் ஆளுக்கு ரெண்டு குடுக்கலாம். அவ்வளவு."

குட்டி கணக்குப் போட்டாள். பள்ளி மைதானம் முழுக்கக் குஞ்சுகள் வரிசையில் நிற்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று படுக்கப் போகையில் தலையணையை சித்திக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனாள். மறுநாள் அவர் நீட்டிய தண்ணீர் டம்ளரை வாங்கவில்லை. தானே போய் மொண்டு குடித்தாள். கத்தி அழுதிருந்தால் சமாளித்திருப்பார். அவள் மரியாதையாக ஒதுங்கினாள். அதற்கு அவரிடம் மருந்தில்லை.

"கடை முட்டையில குஞ்சு இருக்காதும்மா" என்றார். "ஒவ்வொன்னையும் பாத்துட்டுத்தான் ஊத்தறேன். இத்தன வருஷத்துல ஒன்னுகூட வரல."

"நீங்க சீக்கிரமே உடைச்சிடறீங்க. அதான் வரல."

அந்த வாதத்துக்கு வக்கீலே தடுமாறுவான்.

"சரி, உடைக்காம வைப்போம்" என்றார் சித்தப்பா கடைசியில். "மூணு வாரம். குஞ்சு வந்துச்சுன்னா நான் அந்த வேலைக்கே போகல."

சித்தி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "போகாம? வீட்ல உக்காந்து நீங்களே அடை காக்கப் போறீங்களா?"

முட்டை வாங்க சித்தப்பா, குட்டி, நான் மூன்று பேரும் தெருமுனைக் கடைக்குப் போனோம். எதற்கென்று கடைக்காரர் கேட்டார். குட்டி சொன்னாள்.

"பாப்பா, இது பண்ணை முட்டை. சேவல் மூஞ்சியவே பாக்காத கோழி போட்டது. நீ இதுமேல வருஷம் பூரா உக்காந்தாலும் உனக்குத்தான் கால் மரத்துப்போகும்."

"சேவல் பாத்தா என்ன ஆகும்?"

கடைக்காரருக்குத் திடீரென்று சர்க்கரை நிறுக்கும் வேலை வந்துவிட்டது. குட்டி அப்பாவைப் பார்த்தாள். அப்பா வானத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சித்தியைக் கேட்டபோது, "சேவல் காலையில கூவும். வேறென்ன பண்ணும்?" என்றாள் சித்தி.

"அப்ப கூவினா போதுமா?"

இல்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் தைரியமில்லை. அதனால், அட்டைப் பெட்டிக்குள் பழைய துண்டு, மூலையில் ஒரு கப் தண்ணீர், மேலே ஒரு பல்பு, ஆறு முட்டைகள் எல்லாம் தயாரானபோது, பக்கத்தில் அலாரம் கடிகாரம் ஒன்றும் வந்து உட்கார்ந்தது. விடிகாலையில் அது அலறும். சித்தப்பாவுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு. அன்றைக்கும் அலறியது. எழுந்து, பெட்டிக்கு முன் குத்தவைத்து, முட்டைகளைத் திருப்பிவிட்டு, தலையைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

"பல்பு அம்மா, அலாரம் அப்பன்" என்றேன் நான். "நல்ல சம்பந்தம் சித்தப்பா. கரண்ட்டு பில்லுதான் மாமியார்."

"போடா வேலையப் பாத்துட்டு" என்றார். சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

முட்டையைத் திருப்பாமல் விட்டால் ஆகாதாம், ஒரே பக்கமாக ஒட்டிக்கொள்ளுமாம். ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவைத்தார். காலையில் இவர், சாயங்காலம் குட்டி. நடுப்பகலில் வீட்டில் ஆளில்லை. சித்திக்குத் தையல் கம்பெனி.

"குஞ்சுதான் வராதுங்கறீங்களே. திருப்பினா என்ன, திருப்பாட்டி என்ன?" என்று கேட்டேன்.

"திருப்பாததாலதான் செத்துச்சுன்னு சொல்லுவாடா. அப்புறம் நான் எந்தக் காலத்துல தப்பிக்கறது?"

முட்டைகள் நடுப்பகலிலும் எப்படியோ திரும்பின. அதை விடுங்கள்.

மூன்றாவது வாரம் காரியம் கெட்டது. குட்டி பெட்டியில் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தாள். அரிசியைப் பொடித்துக் காகிதத்தில் மடித்து வைத்தாள். இப்போது அவளுக்கு அப்பா மேல் வழக்கு இல்லை, குஞ்சு வேண்டும். குஞ்சு வந்தால் இவர் கொலைகாரர். வராவிட்டால் அவள் அழுவாள். எந்தப் பக்கம் விழுந்தாலும் சித்தப்பாவுக்குத்தான் அடி. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதாவது, வேடிக்கை பார்க்கப் பொறுமை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கெடு முடிகிற நாள் லீவு நாளாக வந்தது. காலையிலேயே சந்தைக்குப் போய் ஒரு மஞ்சள் குஞ்சு வாங்கினேன். சட்டைக்குள் விட்டு, பாதி முட்டை ஓடு ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கீழே வந்தேன். பெட்டிக்குள் குஞ்சையும் ஓட்டையும் வைக்க வேண்டியது, குட்டி கத்துவதைக் கேட்க வேண்டியது. திட்டம் அவ்வளவுதான்.

சித்தி கடைக்குப் போயிருந்தாள். குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். அலாரத்துக்கு எழுந்த சித்தப்பா பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் சரிந்து கண்மூடிக் கிடந்தார். பல்பு வெளிச்சம் அவர் கையில் விழுந்தது. விரல் நுனிகள் எல்லாம் ஊறி வெளுத்திருந்தன. சட்டைப் பொத்தானில் கை வைத்துக்கொண்டு நின்றேன். இந்தக் குஞ்சை உள்ளே விட்டால் குட்டி குதிப்பாள். நாளைக்கு இவர் கப்பைக் கையில் எடுக்கும்போது அவள் எந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள் என்று யோசித்தேன். பொத்தானை மறுபடி போட்டேன்.

மாடிக்கு நழுவலாம் என்று திரும்பினால், குட்டி கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்து வந்தாள். "அண்ணே, எங்கயும் போகாத. இன்னைக்குத்தான்."

சித்தப்பாவும் எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். சித்தியும் பையோடு வந்து நின்றாள். சித்தப்பா கப்பை எடுத்தார். முதல் முட்டையைத் தட்டினார். தண்ணியாக ஏதோ விழுந்தது, அதோடு ஒரு நாற்றம். சித்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். குட்டி போகவில்லை. கப்புக்குள் குனிந்து பார்த்தாள். கால் இல்லை, அலகு இல்லை, கண் இல்லை. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றையும் சித்தப்பா அவள் முகத்துக்கு நேரே காட்டி, அவள் தலையசைத்த பிறகுதான் கொட்டினார். நாற்றத்துக்கு மூக்கைக்கூட அவர் சுளிக்கவில்லை. அவ்வளவு களைப்பு.

ஐந்தாவதைக் கொட்டியபோது குட்டியின் உதடு பிதுங்கியது. அழுவாள் என்று நினைத்தோம். அவள் கையை நீட்டினாள்.

"அப்பா, கடைசி நான் உடைக்கறேன்."

சித்தப்பா அவள் கையில் முட்டையை வைத்து, அதன்மேல் தன் கையை வைத்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இருவருமாகக் கப்பின் விளிம்பில் தட்டினார்கள். உள்ளே வெறும் மஞ்சள் தண்ணீர். குட்டி அதை வெகு நேரம் பார்த்தாள்.

"இதுலயும் யாரும் இல்லப்பா" என்றாள். அப்புறம் அவர் மடியில் சாய்ந்து மெதுவாக அழுதாள்.

சித்தப்பா அவள் முதுகைத் தடவிக்கொண்டே உடைந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தார். பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம். மற்ற ஓடுகளையும் காலால் ஒதுக்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் இருந்தது.

"மத்தியானம் வந்து முட்டையத் திருப்பிட்டுப் போற பெரிய மனுஷன்" என்றார், தலையைத் தூக்காமலே, "சைக்கிள் கிரீஸக் கழுவிட்டு வந்திருக்கலாம்."

"யாரச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"கண்ண மூடியிருந்தா தூங்கறேன்னு அர்த்தம் இல்லடா. சட்டைக்குள்ள இருக்கறத வெளிய எடு. மூச்சு முட்டிடப் போகுது."