தோலின் மேல் மரத்தூள்

சிராயக்கா என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். பனங்கட்டையைக் குடைந்து ஒற்றைத் தந்தி வாத்தியம் செய்கிறவள். கறுப்பு நார் குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் காய்த்துக் கிடக்கும். பனைக்கு வெளிப்புறம் கெட்டியான வைரம், உள்ளே மெத்தென்ற சோறு. சோற்றை வழித்தெடுத்து வெளி ஓடு மட்டும் நிற்கும்படி விடுவதுதான் வேலை.

அவளுடைய நாத்தனார் அந்த வாத்தியத்தை மீட்டிப் பாடுகிறவள். ஆஸ்பத்திரியில் தொண்டையில் கத்தி வைத்த பிறகு அவள் குரல் அடியில் இறங்கிவிட்டது. பழைய வாத்தியத்தை அவ்வளவு இறக்கினால் தந்தி தொளதொளத்தது. ஒரு வருஷமாக யார் எதிரிலும் அவள் பாடவில்லை.

"இதுவும் ஒத்துவரலைன்னா விட்டுடறேன் அண்ணி."

புது வாத்தியத்துக்காகக் குடைந்த குடத்தின் வாயில் தோலை இழுத்துக் கட்டி, மரத்தூளைத் தூவினாள் சிராயக்கா. பாடுகிறவர் குனிந்து தன் ஆதார சுருதியைப் பிடிக்க வேண்டும். குடம் அந்தக் குரலுக்கு உரியதென்றால் தூள் அசையும்.

"அண்ணன் வீட்ல இல்லியே?"

"இருந்தா மட்டும்? நான் கூப்பிடுறதே அவர் காதுல விழாது. நீ பாடும்மா."

பாடினாள். தூள் மாவுபோல் அப்படியே கிடந்தது.

சிராயக்காவின் முகம் சுருங்கியது. "தப்பு என்னுதுதான். உன் பழைய குரலுக்கே குடைஞ்சுட்டேன்."

"அது போயிடுச்சே அண்ணி."

"எனக்குத் தெரியுது. கைக்கு இன்னும் சேதி போகல."

தோலை அவிழ்த்து மறுபடி உளியை உள்ளே விட்டாள். ஓடு ஏற்கெனவே மெலிந்திருந்தது. பனையில் விரிசல் விட்டால் அது நாரோடு நுனிவரை ஓடிவிடும், ஒட்ட முடியாது.

"போதும், வெடிச்சிடும்!"

"நீ சுருதியைப் பிடிச்சுக்கிட்டே இரு. நீ நிறுத்திட்டா நான் எங்க நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியாது."

நாத்தனார் பயந்துகொண்டே அந்த ஒரே சுருதியை இழுத்தாள். சிராயக்கா இடது கட்டைவிரலை ஓட்டின் வெளிப்புறம் அழுத்தியபடி சுரண்டினாள். சுருள் சுருளாக அல்ல, பொடியாகத்தான் உதிர்ந்தது. திடீரென்று கை நின்றது. விரலுக்கடியில் மரம் நடுங்கியது.

உளியைத் தூர வைத்தாள். தோலைக் கட்டித் தூளைத் தூவினாள்.

அடிக்குரல் எழுந்தது. தூள் சிலிர்த்தது. நடுவிலிருந்து மெல்ல விலகி, தோலின் ஓரத்தில் வளையமாக ஒதுங்கியது. யாரும் தொடவில்லை, தந்திகூட இன்னும் ஏறவில்லை. நாத்தனார் கண்ணெடுக்காமல் அதைப் பார்த்தாள். மூச்சு தீர்ந்தது, வளையம் அடங்கியது. அடுத்த மூச்சில், யாரும் கேட்காமலே, பாட்டின் முதல் அடியைத் தொடங்கினாள்.