லட்சம் மைலும் பக்கத்து சீட்டும்

எங்கள் பக்கத்தில் என்னைப் போல் ஒரு டிரைவர் கிடையாது. இதை நானே சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன், தேயிலைத் தோட்டத்துக் கராஜில் கார் கழுவினவன், பிறகு கொழுந்து லொறி ஓட்டினவன், கடைசியில் சொந்தமாக மூன்று லொறி வாங்கி, புளத்கொகுபிட்டிய டவுனில் வீடும் கட்டினவன். ஆனால் என் லொறிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எல்லோரும் கேட்பது அந்தச் சிவப்புக் காரைப் பற்றித்தான்.

கூரை கிடையாது, இரண்டே சீட், இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். தோட்டத்தை நடத்திய பழைய பெரிய தொரை விட்டுவிட்டுப் போனது. தோட்டம் கம்பனி கைக்கு மாறிய வருஷம், ஃபெக்டரிக்குப் பின்னால் கோழி அடைகாத்துக் கிடந்ததை இரும்பு விலைக்கு வாங்கினேன். மீட்டர் அறுபத்தோராயிரம் மைல் காட்டியது. வரக்காப்பொலயில் பெயர் பெற்ற சிங்கள மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, "மேக்க இவரய்", முடிந்த கதை என்று கையை விரித்தார். எட்டு மாதம் அதன் அடியில் படுத்துக் கிடந்து நானே ஓட வைத்தேன்.

முதல் நாள் ஓட்டி வந்தபோதுதான் அது நடந்தது. என் மனைவி அப்போது கொழுந்து எடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கூடையோடு ரோட்டில் வந்தவள் பின்னால் அந்த இஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் சட்டென்று ரோட்டோரக் கானில், தண்ணீர் ஓடும் பள்ளத்தில், இறங்கித் தலையைக் குனிந்து நின்றாள். தொரை கார் வந்தால் ரோட்டை விட்டு இறங்கி நிற்பது சின்ன வயதிலிருந்தே எங்கள் எல்லோருக்கும் பழக்கம். காதில் சத்தம் விழுந்தால் கால் தானாக இறங்கிவிடும். நான் பக்கத்தில் நிறுத்தியதும் நிமிர்ந்து பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன்.

சிரித்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவள் பதினொரு வருஷம் அந்தக் காரில் ஏறவில்லை. எம்பிலிப்பிட்டிய வரைக்கும், கொழும்பு வரைக்கும் ஓட்டியிருக்கிறேன். பக்கத்து சீட்டில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் பஸ்ஸில்தான் போவாள்.

மீட்டர் லட்சத்தை நெருங்கியபோது, லட்சம் திரும்புவது தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில்தான், அப்போது அவள் என் பக்கத்தில்தான் என்று முடிவு செய்துவிட்டேன். பூசாரியிடமும் சொல்லியாயிற்று. தேங்காய், டயருக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம், எல்லாம் தயார். அவளிடம்தான் சம்மதம் வாங்கவில்லை.

"அந்தச் சத்தம் கேட்டா நம்ம ஆளுங்க இன்னும் கான்ல எறங்குறாங்க. நான் மேல உக்காந்து அதைப் பாக்கணுமா?" என்றாள்.

"நான் தொரையா புள்ள? நம்ம ஆளு ஓட்டுறான்னு அவங்களுக்கும் தெரியுந்தானே?"

"தெரிஞ்சும் எறங்குறாங்க. நீங்களும் அதுக்குத்தானே அந்த ரோட்டுல போறீங்க?"

உண்மையில் ரோட்டில் வயசாளிகள் அப்படி ஒதுங்கி நிற்பது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

மூன்று நாள் காரை எடுக்காமல் யோசித்தேன். ஃபெக்டரியிலிருந்து கோயில் வரை இரண்டரைக் கட்டை, அதாவது இரண்டரை மைல் தூரம், கடைசிக் கொஞ்சம் தவிர எல்லாம் இறக்கம். இஞ்சினை நிறுத்தி உருட்டினாலும் மீட்டர் ஓடும். பிரேக்கை மட்டும் வைத்து அந்த வளைவுகளில் இறக்க என்னைத் தவிர யாராலும் முடியாது.

"சத்தமே இல்லாம ஓட்டினா ஏறுவியா?"

"சத்தமில்லாத காரா? நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தாலும் இருப்பீங்க, அது இருக்காது." சிரித்தாள். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

குறித்த நாளில், மீட்டரில் லட்சத்துக்கு இரண்டரை மைல் மிச்சமிருக்க, நான் பின்பக்க ரோட்டால் காரை ஃபெக்டரிக்கு ஏற்றிவிட்டேன். அவள் என் லொறியில் வந்து இறங்கினாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். இஞ்சினை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தினேன். கார் காற்றுச் சத்தத்தோடு மட்டும் இறங்கியது.

இரண்டாவது வளைவில் பழைய கங்காணி ஒருவர் குடையோடு நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். என் மனைவிக்கு மாமா முறை. எதுவும் கேட்கவில்லை அவருக்கு.

"மாமா! ஓரமா நில்லுங்க, கான்ல எறங்கிராதீங்க!" என்று இவள் கத்தினாள்.

அவர் திரும்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அடியே, நீயா! என்ன, காரு செத்துப் போச்சா?"

"இல்ல மாமா, வாயை மூடிக்கிட்டு வருது. இவருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

கங்காணி சிரித்துக்கொண்டே காரின் பின்னால் நடக்கத் தொடங்கினார். அடுத்த திருப்பத்தில் கொழுந்து நிறுக்கும் இடம். சத்தம் வராததால் ஒருத்தியும் கானில் இறங்கவில்லை. காரைப் பார்த்ததும் பெண்கள் எல்லோரும் ஓடி வந்து சுற்றிக்கொண்டார்கள். நான் பிரேக்கை அழுத்த வேண்டியதாயிற்று. அந்தக் காரைத் தொட்டுப் பார்த்தது அவர்களுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை. வேகம் போய்விட்டது. முன்னால் சமதரை, கோயிலுக்கு இன்னும் நூறு யார் தூரம் இருந்தது.

சாவியில் கை வைத்தேன். அவள் என் கைமேல் கை வைத்தாள். "வேணாம்."

"தள்ளணும் புள்ள. நான் ஓட்டுற வண்டிய எவனும் தள்ளினதில்ல."

"எவனும் தள்ள வேணாம். நாங்க தள்ளுவோம்" என்றாள் ஒருத்தி, கூடையை இறக்கியபடி.

எட்டுப் பத்துப் பேர் தள்ளினார்கள், கங்காணி குடையால் வழி காட்டினார். கோயில் வாசலில் ஐந்து ஒன்பதும் ஒன்றாகப் புரண்டன. என் மனைவி குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, எல்லாம் முட்டையா இருக்கு!"

பூசாரி கற்பூரம் கொளுத்தினார். தள்ளினவர்களுக்கெல்லாம் நெற்றியில் திருநீறு. திரும்பி ஏறுவதற்கு இஞ்சினை எடுக்காமல் முடியாது. எடுத்தேன். வழியில் வயசாளிகள் மூன்று நான்கு பேர் பழக்கத்தில் கானில் இறங்கத்தான் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவள் என்னை நிறுத்தச் சொன்னாள். முறை சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்து மேலே ஏற்றி, ஒரு பேச்சுப் பேசிவிட்டுத்தான் மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

இரண்டரைக் கட்டை ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அவ்வளவு மெதுவாக அந்த மாதிரிக் காரை, ஒரு தடவையும் இஞ்சின் நிற்காமல், அந்த ஏற்றத்தில் ஓட்டின ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான்.