சக்கரம் வைத்த பல்லிப் பெட்டி

காஜாங்கிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியை வழித்துத் தின்று, காப்பியையும் குடித்துவிட்டுத்தான் "ஒத்து வராது" என்று எழுந்தார்கள். காரணம், தெற்குச் சுவரில் ஒரு பல்லி கத்திவிட்டது. அன்றைய கிழமைக்குத் தெற்குப் பல்லி ஆகாதாம். கேசரி மட்டும் எந்தக் கிழமைக்கும் ஆகும் போலிருக்கிறது.

எனக்கு வருத்தமில்லை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்திலிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் எனக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. கல்யாணமானால் அது போய்விடுமே என்பதுதான் என் பயமெல்லாம். ஆனால் வீட்டில் என்னை யார் கேட்டார்கள்? பல்லியைத்தான் கேட்பார்கள்.

அப்பா ரயில்வே ஸ்டோரில் கிராணி, சரக்குக் கணக்கெழுதும் குமாஸ்தா. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"செவுத்துப் பல்லி அது இஷ்டத்துக்குக் கத்தும். நம்ம பல்லி நாம வச்ச எடத்துலதான் கத்தணும்" என்றார். அடடா, என்ன ஞானம்!

தேயிலைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். முன்பக்கத்துக்கு, கழித்துப் போட்ட ரயில் ஜன்னலின் கண்ணாடி. மேலே கம்பி வலை. உள்ளே செம்மண், ஈரப்பாசி, ரப்பர் மரப் பட்டை, ஒளிந்துகொள்ள உடைந்த ஓடு, ஆற்றங்கரை மரத்திலிருந்து பிடுங்கிய பெரணிச் செடி. சுவரிலிருந்து நாலு பல்லிகளைப் பிடித்து உள்ளே விட்டார். காடு மாதிரியே இருந்தால்தான் பல்லி மனம் விட்டுப் பேசுமாம். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பு வேறு. விளக்கடிப் பூச்சிகளைப் பிடித்துப் போடுவது அம்மாவின் வேலை.

"வரப்போற மருமகனுக்குக்கூட இவ்ளோ செய்ய மாட்டேன்லா" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

கிழமைக்குக் கிழமை நல்ல திசை மாறுமல்லவா, அதனால் பெட்டிக்கு அடியில் சக்கரங்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தினமும் மூலை மாற்றினார். எங்கள் வீட்டில் அந்தப் பல்லிகள்தான் ஊர் சுற்றின. எனக்குப் பள்ளிக்கூடம் விட்டால் வீடு.

இவ்வளவு உபசாரத்துக்குப் பிறகும் அவை வாயே திறக்கவில்லை. தின்றன, கொழுத்தன, தூங்கின. கல்லுளிமங்கன்கள்!

அடுத்து வந்தவர்கள் கிள்ளான்காரர்கள்: துறைமுகத்தில் கிராணியாக இருந்த மாப்பிள்ளையும் அவர் அம்மாவும். அன்றைய நல்ல மூலை வடகிழக்கு. பெட்டி அங்கே உருண்டது. சுவர்ப் பல்லிகளை அப்பா காலையிலேயே துடைப்பத்தால் விரட்டியிருந்தார்.

"எங்க வீட்ல அவளுக்கு ஒரு கொறையும் இருக்காது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பெட்டியில் சத்தமில்லை.

"பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கெடையாது." ம்ஹூம். அப்பா இருமிக்கொண்டே பெட்டியைக் காலால் இடித்துப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கப்புறம் வேலைக்கெல்லாம் போக வேணாம்."

"அதுக்கென்ன, நிறுத்திட்டாப் போச்சு" என்றார் அப்பா, என் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

காப்பித் தட்டை டொக்கென்று வைத்தேன். "நான் வேலைய விட மாட்டேன். விடணும்னா இந்தக் கல்யாணமே வேணாம்" என்றேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது வடகிழக்கு மூலையில், பெரணிக்குள்ளிருந்து, "த்ச் த்ச் த்ச்" என்று கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மாவுடைய விரல் தானாகவே பெஞ்சைத் தட்டியது. பல்லி சொன்னால் தட்டி ஒப்புக்கொள்வது நம் வழக்கம். தட்டிவிட்டு மறுக்க முடியுமா?

"பல்லியே சொல்லிருச்சு. வேலைக்குப் போகட்டும்" என்றார், பாகற்காய் தின்ற முகத்தோடு.

"அது வந்து... பெட்டிப் பல்லிங்க..." என்று அப்பா இழுத்தார்.

"தெச சரிதானே மாமா?" என்றார் மாப்பிள்ளை. அன்று அவர் வாய் திறந்தது அதற்கு மட்டும்தான். சிரிப்பை அடக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே அவரைப் பிடித்துப்போயிற்று.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். விழுந்தது என்னவோ அப்பாதான். சீருக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது, அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கினேன். சக்கரம் இருந்தது வசதியாகப் போயிற்று. ஸ்டேஷன்வரை உருட்டிக்கொண்டு போய்க் கிள்ளான் ரயிலில் ஏற்றினோம். அங்கேயும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது.