நான் கையைக் கட்டிக்கொண்டு நின்ற வகுப்பு

பாடம் நடத்துவதில் எனக்கு என்மேல் எப்போதுமே நல்ல அபிப்பிராயம்தான். அடக்கமாக இருப்பதுபோல் நடித்துப் பயனில்லை. ஆனால் முதல் வருஷம் நான் நடத்தியது பாடமே இல்லை என்பதையும் தயங்காமல் சொல்வேன்.

சுதந்திரம் வந்த சமயம். திண்டிவனத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி வகுப்பு தொடங்கி, என்னைத் தற்காலிக ஆசிரியராகப் போட்டிருந்தார்கள். விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சரில் வருவேன். ரயில் ஷெட்டில் பிட்டராக இருந்த அப்பாவுக்கு, மகன் கரி படாத வேலைக்குப் போகிறான் என்று தலைகால் புரியாத பெருமை. வகுப்புக்கு இருந்த ஒரே சொத்து ஒரு பழைய ஆயில் இன்ஜின். நான் அதைத் தொடாமலே கரும்பலகையில் படம் போட்டேன், குறிப்பு சொல்லி எழுத வைத்தேன். என்னையும் அப்படித்தான் படிக்க வைத்திருந்தார்கள். வேறு வழி இருப்பதாகவே தோன்றவில்லை.

வருஷக் கடைசியில் நாலு பக்கக் குறிப்பை மூச்சு விடாமல் ஒப்பித்தான் வளவனூர்ப் பையன் ஒருவன். "வால்வு எங்கே, காட்டு" என்றேன். இன்ஜின் அவனுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. அவன் நோட்டைப் புரட்டிப் படத்தின்மேல் விரலை வைத்தான். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அங்கேதான் வைத்திருப்பார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதே பையன்கள் ஐந்தாம் பாரத்துக்கு, அதாவது பத்தாம் வகுப்புக்கு, வந்ததும் நோட்டை மூடச் சொல்லிவிட்டு ஸ்பானரைக் கொடுத்தேன். கழற்றும் சாமான்களை ஒரு சாக்கின்மேல் வரிசையாக அடுக்க வேண்டும், கடைசியில் வைத்ததை முதலில் எடுத்துத் திரும்பப் பூட்ட வேண்டும். எனக்கும் ஒரு விதி வைத்துக்கொண்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன், எதையும் தொட மாட்டேன். முதல் தடவை பூட்டி முடித்தபோது சாக்கில் ஒரு வாஷர் மிச்சம் கிடந்தது. அது எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் கழற்றிக் கழற்றிப் பூட்டி அவர்களே அதன் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த மூன்று நாளும் என் விரல்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஹெட்மாஸ்டருக்கு இது துளியும் பிடிக்கவில்லை.

"நோட்டுல ஒரு எழுத்து இல்ல. இன்ஸ்பெக்டர் வந்தா எதைக் காட்டுவீங்க?"

"இன்ஜினைக் காட்டறேன் சார்."

"அது ஓடலன்னா அடுத்த வருஷம் உங்களுக்கு இங்க வேல இல்ல. பாத்துக்குங்க."

இன்ஜினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்க்கு அப்போது ரேஷன். இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கென்று ஒரு டின் சேர்த்துப் பூட்டி வைத்திருந்தார் ஹெட்மாஸ்டர். அதுவரை இன்ஜினை ஓட்டக் கூடாது என்று உத்தரவு. இடையில் ஆயுத பூஜை வந்தது. நானே இன்ஜினைத் துடைத்து, சக்கரம், சிலிண்டர், எண்ணெய் டாங்கியின் மூடி என்று ஒன்றையும் விடாமல் தாராளமாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன்.

அடுத்த வாரமே இன்ஸ்பெக்டர் வந்தார். டாங்கியை வாய்வரை நிரப்பினோம். வளவனூர்ப் பையன் கைப்பிடியைச் சுழற்றினான். எடுத்த எடுப்பில் இன்ஜின் கிளம்பியது. ஹெட்மாஸ்டரே சிரித்துவிட்டார். சில நிமிஷம்தான். இருமியது, இழுத்தது, நின்றுவிட்டது.

டாங்கி மூடியைப் பார்த்ததும் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அதில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. அதன் வழியே காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் கீழே இறங்கும். அந்தத் துளையின்மேல் என் சந்தனப் பொட்டு காய்ந்து இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினால் தீர்ந்தது.

"இன்னும் நின்னுக்கினு இருக்கீங்களே, போய்ப் பாருங்க சார்!" என்றார் ஹெட்மாஸ்டர்.

ஒரு அடி எடுத்து வைத்தேன். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன? இன்ஜினண்டை குனிந்திருந்த வளவனூர்ப் பையன் நிமிராமலே சொன்னான்: "சார், கையக் கட்டிக்கினு நில்லுங்க சார். நாங்க பாக்கறோம்."

நின்றேன்.

எண்ணெய்க் குழாயின் நட்டைத் தளர்த்தினார்கள். ஒரு சொட்டுகூட வரவில்லை. "டாங்கி ரொம்பிக்கினு இருக்குது, கீழ வர்லடா" என்றான் ஒருவன். உள்ளே பார்க்க மூடியைத் திறந்தார்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது, குழாயில் எண்ணெய் கொட்டியது. மூடினார்கள். சிறிது நேரத்தில் நின்றது. மறுபடி திறந்தார்கள், கொட்டியது. வளவனூர்ப் பையன் மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினான்.

"சார், ஒரு குண்டூசி குடுங்க."

அவர் தம் பைலில் இருந்த குண்டூசியைக் கழற்றிக் கொடுத்தார். அவன் துளையைக் குத்தித் திறந்த பிறகு, எண்ணெய் தீரும்வரை இன்ஜின் ஓடியது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

"சந்தனம் வெச்சது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார்தான் வெச்சாரு சார்" என்றான் பையன், பட்டென்று.

"நான்தான்" என்றேன்.

"அப்ப, நின்னவுடனே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ஏன் சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா, இவங்களுக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

அவர் தம் பைலில் ஏதோ எழுதிக்கொண்டார். நான் எடுத்து வைத்த அந்த ஒரு அடியைப் பற்றி மட்டும் அவரிடம் மூச்சு விடவில்லை.

மறு வருஷ ஆயுத பூஜைக்குள் என் வேலை நிரந்தரமாகிவிட்டது. புது வேட்டி கட்டிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு இன்ஜினிடம் போனேன். ஆறாம் பாரத்துக்கு வந்திருந்த வளவனூர்ப் பையன் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். டாங்கி மூடியின் துளையில் ஒரு குண்டூசியைச் செருகினான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க கையக் கட்டிக்கினு நில்லுங்க சார்."