ஒரே அலகு, இரண்டு கன்னம்

சரவணா, மீனா, உங்கள் இருவருக்கும்தான் முதலில் இதை எழுதுகிறேன். வங்காளத்தைக் கடகடவென்று படிக்கிற நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். பரவாயில்லை, மெதுவாகப் படியுங்கள். பத்தாவது தாண்டாத அப்பாவுக்கு எழுதவும் மெதுவாகத்தான் வருகிறது. முருகனை நம்புகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று கோயில் மலருக்கும் இதையே கொடுக்கிறேன்.

கல்கத்தா கார்டன் ரீச்சில் நம் குவார்ட்டர்ஸ் பக்கத்துக் கிளப் வருஷா வருஷம் ரத்ததான முகாம் நடத்தும். போன உத்திரத்துக்கு முந்தின குளிர்காலத்தில்தான் நான் முதல்தடவையாக ரத்தம் கொடுத்தேன். சில நாள் கழித்து போன் வந்தது. ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி இருக்கிற மாதிரி தெரிகிறது, ஆஸ்பத்திரிக்கு வந்து இன்னொரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றார்கள். எனக்கோ உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. காமாலை மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து, தண்டவாள ஓரத்தில் கீழாநெல்லி பறித்து மோரில் அரைத்துக் குடித்தேன்.

போகாததற்கு உண்மையான காரணம் வேறு. பங்குனி உத்திரம் வந்துகொண்டிருந்தது. ரத்தத்தில் கோளாறு என்று தெரிந்தால் அலகு குத்த விடமாட்டார்கள். நேர்த்தி தவறிவிடுமே என்று பயந்தேன். ஏதோ பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

“கன்னத்துல அலகு குத்திக்கிற மனுஷனுக்கு ஆஸ்பத்திரி ஊசின்னா பயமா?” என்று சிரித்தாள்.

“உத்திரம் முடியட்டும்டி, போறேன்” என்றேன்.

உத்திரத்தன்று காவடி இறக்கி, என் கன்னத்திலிருந்து அலகை எடுத்ததும் சரவணன் முன்னால் வந்து நின்றான். காலேஜில் இடம் கிடைத்ததற்கு வேண்டிக்கொண்டானாம். அவனுக்கு அதுதான் முதல் அலகு.

“தம்பிக்குன்னு தனியா அலகு கொண்டு வரலையா?” என்று பூசாரி கேட்டார்.

“அப்பன் குத்தினதுதான், சாமி, பிள்ளைக்கும். எங்க வீட்ல அதான் வழக்கம்” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை! எலுமிச்சம்பழத்தில் தேய்த்து, திருநீறு பூசி, என் கையாலேயே அலகை எடுத்துக் கொடுத்தேன். அந்த போன் எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. திருநீற்றுக்கு மேல் ஒரு கிருமியா என்று தள்ளிவிட்டேன்.

மழைக்காலத்தில் என் கால் வீங்கியது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அம்மா என்னை இழுத்துக்கொண்டு போகாத குறையாக அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கிருமி பல வருஷமாக உள்ளே இருந்திருக்கிறது, ஈரல் சுருங்கத் தொடங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. ஒரே தட்டில் சாப்பிட்டாலோ கட்டிப் பிடித்தாலோ இது ஒட்டாது, ரத்தத்தோடு ரத்தம் சேர்ந்தால்தான் ஒட்டும் என்று அந்த வங்காளி அம்மா இந்தியில் பொறுமையாகச் சொன்னார். சவரக் கத்தி, ஊசி எதையாவது வேறு யாரும் பகிர்ந்துகொண்டார்களா என்று கேட்டார். நான் என் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.

உங்கள் இருவருக்கும் அம்மாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை தினமும் முருகன் முன்னால் போய் நின்றேன். எனக்கு வந்தது என்னோடு போகட்டும், பிள்ளைக்கு வேண்டாம் என்று அழுதேன். அம்மாவுக்கும் மீனாவுக்கும் ஒன்றுமில்லை. சரவணனுக்கு இருந்தது.

அன்று கோயிலுக்குள் போக எனக்கு மனசு வரவில்லை. வாசலிலேயே நின்றேன். சரவணன் வந்து தோளில் கை போட்டான்.

“சிந்தா கொரோ நா அப்பா. மாத்திரை இருக்காம்ல? நீயும் நானும் ஒண்ணாப் போடலாம். யாரு மறக்கிறாங்களோ அவங்க பாத்திரம் கழுவணும்.”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் என்னைக் கவலைப்படாதே என்றான்.

அலகால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. எனக்கு அது ஆறுதல் இல்லை. ஆனால் இன்னொன்றும் சொன்னார். “நல்லவேளை, பையனுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. அவன் ஈரல் இன்னும் கெடவில்லை.” அப்போதுதான் என் வேண்டுதலுக்குப் பதில் எந்த வழியாக வந்தது என்று புரிந்தது. என் கால் வீங்கியிராவிட்டால் அவன் ரத்தத்தை யார் பார்த்திருப்பார்கள்?

மூன்று மாதம் இருவரும் ஒரே மாத்திரை போட்டோம். ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகக் கொடுத்தார்கள். அம்மா விளக்கேற்றிவிட்டு எடுத்துக் கொடுப்பாள். முடிந்து சில மாதம் கழித்துப் பார்த்தபோது இருவர் ரத்தத்திலும் கிருமி இல்லை. முருகா, உனக்குக் கோடி நன்றி. சரவணன் பழையபடி பந்தாடுகிறான். என் ஈரலில் விழுந்த வடு மட்டும் போகாது. ஆயுசு முழுக்க நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகவேண்டும். ஒரே மருந்துதான். அவன் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போனான், நான் நாள் கடத்திப் போனேன்.

முருகனை நம்புகிறவர்களே, நம்பிக் கேளுங்கள், கட்டாயம் கொடுப்பார். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் அதையும் அவர் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள். நேர்த்திக்காக முருகன் அடுத்த உத்திரம் வரை பொறுப்பார். ஈரல் பொறுக்காது.

இந்த உத்திரத்துக்கு நாம் பால்குடம் எடுத்தோம். நீங்கள் எல்லோரும் அன்னதானத்துக்கு உட்கார்ந்ததும் நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். சாமி மாடத்திலிருந்து அந்த வெள்ளி அலகை எடுத்தேன். பின்கட்டுத் துவைகல்லில் தண்ணீர் தெளித்து, அதன் முனையைத் தேய்த்தேன். கன்னத்தில் அழுத்திப் பார்த்தேன். குத்தவில்லை. கழுவித் துடைத்து, திருநீறு பூசி, முருகன் படத்துக்கு முன்னால் திரும்ப வைத்தேன்.