வாயில் வராத பெயர்

முருகன் அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். இதை இன்று என் வாயால் சொல்வதே அவன் போட்ட பிச்சை.

கந்தசஷ்டியின் கடைசி நாள். ஒஸ்லோ கோவிலில் சூரன்போர் பார்க்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். வழமைபோல அந்த விரதம் முழுக்கப் பாலும் பழமும்தான். சேலைக்கு ஊசி குத்தும்போது வலது கை சோர்ந்து விழுந்தது. கணவரைக் கூப்பிட்டேன். குழறல்தான் வந்தது.

"விரதக் களைப்பு. இதைக் குடியும்" என்று அவர் பால் கொண்டுவந்தார். பாதி கடைவாயால் வழிந்தது, மீதி புரைக்கேறியது. நானும் விரதக் களைப்பு என்றே நினைத்தேன்.

முருகா என்று கூப்பிடப் பார்த்தேன். உதடுகள் மூடவில்லை. மூடாமல் 'மு' எப்படி வரும்? அப்போதுதான் பயம் பிடித்தது. சாவுக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை. கூப்பிட முடியாதவளை அவன் எப்படிக் கேட்பான்? அப்பனே, யாரையாவது அனுப்பு என்று மனதுக்குள் கதறினேன்.

போன் அடித்தது. லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் மகள். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பதுதான் அவளுடைய வேலை. கோவிலில் சந்திக்கும் நாட்களில் அவள் எங்களுக்குப் போன் அடிப்பதில்லை. அன்று ஏனோ அடித்தாள். கணவர் விரதக் களைப்பென்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனை என் காதில் வைத்தார். என் குழறலைக் கேட்டதும் அவள் குரல் மாறியது.

"அம்மா, பப்பாப்பழம் எண்டு சொல்லுங்கோ."

"ஆ... ஆ..." என்றேன்.

"அப்பா, இது விரதக் களைப்பில்லை. அம்மாக்கு ஒண்டும் குடிக்கக் குடுக்காதேங்கோ. நான் அம்புலன்சுக்கு அடிக்கிறன்."

நேரத்துக்கு மருந்து ஏறியது. கை மெல்ல மெல்லத் திரும்பியது. 'ப'வும் 'ம'வும் மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நோர்வேஜியச் சொற்களில் பயிற்சி தந்தார்கள். பின்னேரங்களில் மகள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தமிழில் தந்தாள். இனிப் பேசவே மாட்டேனோ என்ற பயத்தில் நான் கண்ணாடியைத் தள்ளிவிடுவேன். என்னை வாயாடி என்று பகிடி பண்ணும் கணவர், "வீடு செத்துக் கிடக்கு, ஏதாவது பேசும்" என்று அழுதார்.

ஒரு பின்னேரம் உதடுகள் ஒன்றையொன்று தொட்டன. "ம்" என்று ஒரு சத்தம். அடுத்த கிழமை அவன் பெயர் முழுதாக வந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

களைத்தால் இன்றும் நாக்குத் தடக்கும். உடனே பழைய பயமும் வந்துவிடும். விரதம் இனி டாக்டரைக் கேட்டுத்தான். உங்கள் வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், பேச்சுக் குழறினால், களைப்பென்று இருந்துவிடாதீர்கள், அம்புலன்சுக்கு அடியுங்கள். வாயில் வராவிட்டாலும் மனதுக்குள் அவனைக் கூப்பிடுங்கள். நான் பெயர் சொல்ல முடியாமல் கிடந்தபோதுதான் அந்தப் போன் அடித்தது. இப்போது சொல்ல முடிகிறது, சொல்கிறேன்.

முருகா.