பெருவிரலில் பச்சை

லேபில் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே கத்துவேன்: "கையுறை போடாம பி.டி.ஏ.யைத் தொடாதீங்க." அந்த விதியை நானே ஒருமுறை மீறினேன்.

பி.டி.ஏ. என்றால் பென்சோட்ரையசோல். செம்பு அரிக்காமல் காக்கும் மருந்து. துறைமுகத்துக்குப் பக்கத்து ஆலை ஒன்றில், கூலிங் வாட்டரில் அதைக் கலந்து கலந்தே என் சர்வீஸ் ஓடிவிட்டது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், எங்கள் கேன்டீனில் வேலை பார்த்த ஜெசிந்தா ஒரு வெண்கல மணியோடு வந்தாள். அவள் கணவர் தண்டலாக, அதாவது தோணியின் தலைவராகப் போன தோணி மாலத்தீவுக்குக் கிளம்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு தகவலும் இல்லை. சங்கு குளிக்கிறவர்கள் கடலடியில் இந்த மணியை எடுத்து அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். பேரைப் பார்த்துவிட வேண்டும் என்று, புளியும் உப்பும் போட்டு இரண்டு நாள் தேய்த்திருக்கிறாள்.

"அவிய தோணி மணியில ரெஜினான்னு எங்க மக பேரு வெட்டியிருக்கும் சார். இதுல பேரே இல்ல. அப்ப இது அந்த மணி இல்லல்லா? ஆனா பச்சை பூத்துக்கிட்டே இருக்கு. பாக்கவே பயமா இருக்கு."

"உப்பைப் போட்டுத் தேச்சா பூக்காம என்ன செய்யும்?" என்று கடிந்துகொண்டேன்.

மணியை வாங்கி டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, லேப் மேஜையில் காயவைத்து, அறையைப் பூட்டினேன். மறுநாள் காலை மணியின் மேல் பச்சைப் பொடியில் ஒரே எழுத்து: 'ரெ'. எழுத்து வெட்டிய இடத்தில் உலோகம் அடிபட்டிருக்கும், மேலே தேய்ந்து போனாலும் அங்கேதான் முதலில் அரிக்கும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். கழுவி மறுபடியும் காயவைத்தேன்.

அடுத்த காலை முழுப் பேரும் இருந்தது. யாரோ ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதியது போல. சாவி என் பையில்தான் இருந்தது.

படியில் ஜெசிந்தாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பெருவிரலால் பேரைத் துடைத்தேன். இனிப் பூக்காதபடி, கையுறை போடாமலே மணியை பி.டி.ஏ. கரைசலில் முக்கினேன்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா சார்?"

"ஒண்ணுமில்லம்மா. இது வேற ஏதோ மணி."

அவள் ஈர மணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

நான் ஓய்வு பெற்ற அன்று கடைசி டீயை அவள்தான் கொண்டுவந்தாள். "மணி நல்லா இருக்கு சார். அப்புறம் பச்சையே பூக்கல." டம்ளரை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு உங்க பெருவிரல் பச்சையா இருந்துச்சு. பேரைத் துடைச்சிட்டீயன்னு தெரிஞ்சுது. சாயங்காலமே கோயில்ல அவிய ஆத்துமாவுக்குப் பூசைக்குச் சொல்லிட்டேன்."

ஒரு வருடம் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். எனக்கும் தினம் டீ கொடுத்திருக்கிறாள்.

கையுறை போடுங்கள். சாம்பிளில் என்ன கண்டீர்களோ, அதைக் கொண்டுவந்தவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.